பலகையில் ஒரு சொல்: நீதியா, நியாயமா, அறமா?

வாசகர் கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் கோயிலை ஒட்டி நடக்கும் வார இறுதித் தமிழ் வகுப்பில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். செப்டம்பர் 24 மரபு நாளுக்காக ஒரு பலகை வைக்கிறோம். அதில் "ஜஸ்டிஸ்" என்ற சொல்லை ஆங்கிலம், சூலு, ஆப்பிரிக்கான்ஸ், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் எழுத வேண்டும். தமிழில் எதை எழுதுவது என்பதில் கோயில் குழு பிரிந்து நிற்கிறது. தலைவர், "நீதி வடசொல், அறம் என்றே எழுதுங்கள்" என்கிறார். பெற்றோர் ஒருவர், "நம் வீட்டில் பாட்டி பேசியது நியாயம்தானே" என்கிறார். மூன்றும் ஒன்றா? மற்ற மொழிச் சொற்களுக்கும் இதே பொருள்தானா? பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

பலகை அச்சுக்குப் போக வேண்டிய அவசரம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஆகவே முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய எழுத்தில் "நீதி" என்று எழுதுங்கள். அதன் அடியில் சிறிய எழுத்தில் "செப்பம்" என்ற பழஞ்சொல்லையும் சேருங்கள். உங்கள் குழுவில் ஒருவர்கூட முன்மொழியாத சொல்லை இவர் எங்கிருந்து கொண்டுவருகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். அதற்கான காரணம் சூலு மொழியில் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

தலைவர் சொல்வதில் பிழை இல்லை, நீதி வடசொல்தான். வடமொழியில் "நீ" என்ற வினையடிக்கு அழைத்துச் செல், வழிநடத்து என்று பொருள். நாயகன், நேத்திரம், விநயம் ஆகிய சொற்களும் அதே அடியில் பிறந்தவை. முன்னே நடத்திச் செல்பவன் நாயகன். நம்மை நடத்திச் செல்வதால் கண்ணுக்கு நேத்திரம் என்று பெயர். ஆகவே நீதி என்பதன் முதற்பொருள் நடக்க வேண்டிய நெறி என்பதே. அந்தப் பொருள் தமிழில் இன்றும் அழியவில்லை. "நீதி நூல்" என்றால் சட்டப் புத்தகம் என்று எவரும் எண்ணுவதில்லை. பிள்ளைகளுக்குக் கதை சொல்லி முடித்தபின் "இக்கதையின் நீதி யாதெனில்" என்று தொடங்கும்போதும் நாம் எந்த நீதிபதியையும் அழைப்பதில்லை. வழக்கில் கிடைப்பதும் நீதி, கதையில் கிடைப்பதும் நீதி. இந்த இரட்டைப் பொருளை உங்கள் மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் வடசொல் என்ற ஒரே காரணத்துக்காக அதை விலக்க வேண்டும் என்றால் எனக்கு உடன்பாடு இல்லை. திருவாசகத்தின் அதிசயப் பத்தில் "நீதி யாவன யாவையும் நினைக்கிலேன்" என்று மாணிக்கவாசகர் பாடுகிறார். உங்கள் கோயிலில் திருவாசகம் ஓதப்படும் என்றே நினைக்கிறேன். கருவறை முன் பாடத் தகுந்த சொல் வாசலில் உள்ள பலகைக்குத் தகாது என்று சொல்வது எப்படி? தலைவரிடம் இதை மரியாதையோடு கேட்டுப் பாருங்கள்.

அவர் முன்வைக்கும் "அறம்" ஆதாரமில்லாத தேர்வு என்றும் நான் சொல்லவில்லை. சங்க காலத்தில் வழக்கு விசாரித்த சபைக்கே "அறங்கூறவையம்" என்றுதான் பெயர். அறத்தை எடுத்துச் சொல்லும் அவை என்று பொருள். ஆயினும் அந்தச் சொல் இன்று மிக அகன்றுவிட்டது. அறக்கட்டளை, அறப்பணி, இல்லறம், துறவறம் எல்லாம் அதற்குள் அடங்கும். "ஜஸ்டிஸ்" என்பதற்கு நேர் எதிரே "அறம்" என்று மட்டும் எழுதினால், தமிழ் படிக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அதைத் தருமம் என்றே புரிந்துகொள்வார்கள்.

இனி நியாயம். இந்தச் சொல்லால் நான் ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூதாட்டியின் வழக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதில் கட்டும்போது இவருடைய கறிவேப்பிலை மரத்தை வெட்டிவிட்டார். மரத்துக்கு ஈடாகப் பணம் தர எதிர்த்தரப்பு ஒத்துக்கொண்டது. மாஜிஸ்திரேட் அம்மூதாட்டியைப் பார்த்து, இது போதுமா என்று கேட்டார். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காசு வேணாங்க. அவன் வந்து ஞாயம் சொல்லட்டும்" என்றார். நான் சற்றும் யோசிக்காமல் ஞாயம் என்பதற்கு "ஜஸ்டிஸ்" என்று ஆங்கிலத்தில் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நீதி வழங்க வேண்டும் என்று அந்த அம்மா கேட்பதாக ஆகிவிட்டது. மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நீதி வழங்குவது தம்முடைய வேலை அல்லவா என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மா கேட்டது காரணம். ஏன் வெட்டினாய், எந்த உரிமையில் வெட்டினாய் என்று அவன் தம் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொள்ள அனுமதி கேட்டேன். அதன்பின் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து நின்று நான்கு வாக்கியம் பேசினார். மூதாட்டி தலையை ஆட்டினார். பணத்தையும் வாங்கிக்கொண்டார்.

நியாயமும் வடசொல்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நீதிக்கு மாற்றாக அதை வைப்பதால் தலைவரின் குறை தீராது. ஒன்று எந்த விதிக்குள் திரும்பிச் சென்று பொருந்துகிறதோ அந்த அளவுகோலுக்கு வடமொழியில் நியாயம் என்று பெயர். ஆகவேதான் தர்க்க சாத்திரத்துக்கும் நியாயம் என்றே பெயர் வந்தது. தமிழில் அது காரணம், பொருத்தம், ஏற்கத்தக்க அளவு என்றெல்லாம் வழங்குகிறது. சந்தையில் "நியாயமான விலை" என்கிறோம். "நீதியான விலை" என்று எவரும் கேட்டதில்லை. "அவர் கோபப்பட்டது நியாயம்" என்போம். "நீதி" என்று சொல்லமாட்டோம். நீதியை ஒருவர் வழங்க வேண்டும், அதற்கு ஓர் இருக்கையும் அதிகாரமும் வேண்டும். நியாயத்தை எவரும் பேசலாம், எவரும் கேட்கலாம். அதற்குத் திண்ணை போதும். பலகையில் நீதியை எழுதச் சொன்னதற்கு இந்த வேறுபாடே காரணம். ஆங்கிலச் சொல்லும் சூலுச் சொல்லும் அரசுத் துறையின் பெயராகவே இந்த நாட்டில் வழங்குகின்றன. அவற்றின் வரிசையில் நிற்கக்கூடிய தமிழ்ச் சொல் நீதிதான்.

உங்கள் வகுப்பில் கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் இன்னொரு சிக்கல் எழும். தமிழ் விவிலியத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புகழ்பெற்ற வாக்கு, நியாயம் தண்ணீரைப் போலவும் நீதி வற்றாத நதியைப் போலவும் புரண்டு வரட்டும் என்கிறது. அங்கே எபிரேயத்தின் "மிஷ்பாத்" நியாயம் ஆயிற்று, "செதாக்கா" நீதி ஆயிற்று. ஆங்கில விவிலியங்கள் பலவற்றில் முதற்சொல்தான் "ஜஸ்டிஸ்". அதாவது தேவாலயத் தமிழில் ஜஸ்டிஸ் என்பது நியாயம், நீதிமன்றத் தமிழில் அதுவே நீதி. இரண்டும் தவறல்ல. ஒரே மொழிக்குள் இரண்டு துறைகள் ஒரே சொல்லை வேறு இடத்தில் வைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இப்போது சூலுவுக்கு வருகிறேன். உங்கள் பலகையில் மிக அழகான சொல் அதுதான் என்பது என் எண்ணம்.

சூலுவில் "உபுலுங்கிஸ்வா" என்று எழுதுவீர்கள். அதைப் பிரித்தால் நடுவே "லுங்கா" என்ற வினை கிடைக்கும். சரியாக இரு, ஒழுங்குபடு, செம்மையாகு என்று அதற்குப் பொருள். அதோடு "இசா" சேர்ந்து "லுங்கிசா" ஆகும்போது பிறவினையாகிறது. சரிசெய், ஒழுங்குபடுத்து, பழுதுபார் என்று பொருள்படும். டர்பனில் வண்டி பழுதுபார்ப்பவரிடம் காரைக் கொண்டுபோய் நிறுத்தும்போது பயன்படும் அதே சொல். பிறகு ஒரு "வ" ஒலி நுழைந்து "லுங்கிஸ்வா" என்று செயப்பாட்டுவினை ஆகிறது. முன்னால் நிற்கும் "உபு" பண்புப்பெயர் ஆக்கும் முன்னொட்டு. மனிதநேயம் என்று பொருள்படும் உபுந்து என்ற சொல்லில் பிள்ளைகள் அதைக் கேட்டிருப்பார்கள். நம்முடைய "மை" விகுதி செய்யும் வேலையை அது சொல்லின் தலையில் நின்று செய்கிறது.

தமிழ் இலக்கணம் தெரிந்த பிள்ளைக்கு இதைக் கரும்பலகையில் இரண்டே நிமிடத்தில் காட்டிவிடலாம். லுங்கா என்றால் திருந்து. லுங்கிசா என்றால் திருத்து. லுங்கிஸ்வா என்றால் திருத்தப்படு. உபுலுங்கிஸ்வா என்றால் திருத்தப்பட்ட தன்மை. தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை என்று நாம் ஆண்டுதோறும் மனப்பாடம் செய்ய வைக்கும் மூன்றும் பக்கத்து வீட்டு மொழியின் ஒரே சொல்லுக்குள் வரிசையாக நிற்கின்றன.

ஆப்பிரிக்கான்ஸ் சொல்லும் இதற்கு அருகிலேயே வருகிறது. "ஹெரெஹ்திஹெய்ட்" என்பதன் நடுவே இருப்பது "ரெஹ்". சரி, உரிமை, சட்டம் ஆகிய மூன்றுக்கும் அதுவே சொல். நேராக என்பதற்கு "ரெஹேய்ட்" என்பார்கள். பழுதுபார்ப்பதற்கு "ரெஹ்மாக்" என்பார்கள், அதாவது சரியாக்கு. ஆங்கிலத்தின் "ரைட்" இதன் உடன்பிறப்பு. இலத்தீனில் நேரானது என்று பொருள்படும் "ரெக்டுஸ்", வடமொழியில் நேரானது என்று பொருள்படும் "ருஜு" ஆகியவையும் இதே குடும்பம். ராஜா என்ற சொல்லையும் அறிஞர் பலர் இந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள். பிள்ளைகள் சிரிக்க ஒன்று சொல்கிறேன். ஆப்பிரிக்கான்ஸில் "ஹெரெஹ்" என்றால் நீதிமன்றம். உணவகத்தில் மேசைக்கு வரும் பதார்த்தத்துக்கும் அதே சொல்தான். இலத்தீனிலும் சட்டத்துக்கு "இயுஸ்", குழம்புக்கும் "இயுஸ்". வெர்ரஸ் என்ற ஊழல் ஆளுநர்மீது கி.மு. 70-இல் வழக்கு நடத்திய உரோமானிய வழக்கறிஞர் சிசரோ, அந்தப் பெயருக்கு ஆண்பன்றி என்றும் பொருள் இருந்ததால், "வெர்ரஸின் இயுஸ்" என்று மக்கள் கேலி செய்ததை எடுத்துச் சொல்கிறார். வெர்ரஸ் தந்த நீதி என்றும் கேட்கலாம், பன்றிக்குழம்பு என்றும் கேட்கலாம்.

சூலுவும் ஆப்பிரிக்கான்ஸும் நேராக்குவதையும் பழுதுபார்ப்பதையும் நீதியோடு ஒரே வேரில் வைத்திருக்கும்போது, தமிழில் அப்படி ஒரு சொல் இல்லையா என்று நான் பல நாள் தேடியதுண்டு. அது நம் கண்ணெதிரேதான் கிடந்தது. திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில் 119-ஆம் குறளைப் பாருங்கள்.

"சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா
உட்கோட்டம் இன்மை பெறின்."

கோட்டம் என்பது வளைவு. சொல்லில் வளைவு இல்லாமையே செப்பம். ஆனால் உள்ளத்திலும் வளைவு இல்லாதிருந்தால்தான். அதே அதிகாரத்தின் 112-ஆம் குறளும் நடுநிலை தவறாதவனைச் "செப்பம் உடையவன்" என்றே குறிக்கிறது. இந்தச் செப்பத்திலிருந்து வந்ததுதான் செப்பனிடுதல். குண்டும் குழியுமான சாலையைச் செப்பனிட்டார்கள் என்று நாளிதழில் படிக்கிறோமே, அதே சொல். நீதிக்கும் பழுதுபார்த்தலுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தியவர்கள் சூலு மக்கள் மட்டுமல்லர் என்று சொன்னால், பாட்டன் காலத்திலிருந்து இந்த மண்ணில் வாழும் நம் பிள்ளைகளுக்கு அது வெறும் சொல்லாராய்ச்சியாக இராது என்று நினைக்கிறேன்.

செப்பம், செம்மை, செங்கோல் எல்லாம் ஓர் இனம். செங்கோல் என்றால் சிவப்புக் கோல் என்று பிள்ளைகள் சொல்வார்கள்; என் மகளும் சொன்னாள். இங்கே செம்மை என்பது நேர்மை, வளையாமை. மதுரைக் காஞ்சி என்ற சங்கப் பாட்டு மதுரையின் அறங்கூறவையத்தை வருணிக்கும்போது "ஞெமன்கோ லன்ன செம்மைத் தாகி" என்கிறது. ஞெமன்கோல் என்பது துலாக்கோல், அதாவது தராசின் தண்டு. கோல் என்ற ஒரே சொல் அரசன் கையிலும் இருக்கிறது, வணிகன் கையிலும் இருக்கிறது, நிலம் அளப்பவன் கையிலும் இருக்கிறது. மூன்று இடத்திலும் அது வளையக் கூடாது. சிலப்பதிகாரத்தில் கோவலனைத் தீர விசாரிக்காமல் கொல்லச் செய்த பாண்டியன், தன் பிழை தெரிந்ததும் "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி உயிர் விடுகிறான். அதைக் கேட்ட சேரன் செங்குட்டுவன், வினை வளைத்துவிட்ட கோலை மன்னனுடைய போகும் உயிர் நிமிர்த்திச் செங்கோல் ஆக்கியது என்கிறான். "லுங்கிசா" என்ற வினைக்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டை எந்த மொழியிலும் நான் படித்ததில்லை.

செங்கோன்மை அதிகாரத்தின் 10 குறள்களில் ஓரிடத்திலும் நீதி என்ற சொல் இல்லை. முறை என்றும் கோல் என்றும்தான் வருகிறது. தலைவருக்கு இது மகிழ்ச்சி தரும். "முறை" என்பதையே எழுதிவிடலாமே என்று அவர் கேட்டால், உறவுமுறை, செய்முறை, எத்தனை முறை என்றெல்லாம் அது இன்று சிதறிப்போய்விட்டதை எடுத்துச் சொல்லுங்கள். செப்பத்துக்கும் அந்தக் குறை உண்டு. இன்று அந்தச் சொல்லை மட்டும் பார்ப்பவருக்கு நீதி நினைவுக்கு வராது. அதனால்தான் அதைச் சிறிய எழுத்தில், விளக்கத்தோடு வைக்கச் சொல்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சொல் நேராக இருப்பதால் அதைப் பேசுகிறவர்கள் நேராக இருந்தார்கள் என்று பொருளாகாது. 1950-ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் ஆங்கிலத்திலும், நேர் என்ற வேரில் நீதிக்குச் சொல் வைத்திருக்கும் ஆப்பிரிக்கான்ஸிலும்தான் எழுதப்பட்டது. டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் இந்தியக் குடும்பங்களைப் பெயர்த்து 1960-களில் சாட்ஸ்வர்த்தில் குடியமர்த்தியது அந்தச் சட்டம். உங்கள் மாணவர்களின் தாத்தா பாட்டிமார் அந்த லாரிகளில் வந்தவர்களாக இருக்கலாம். சட்டத்தில் சொற்கோட்டம் இல்லை; இலக்கணம் சுத்தம், பிரிவு எண்கள் சுத்தம். உட்கோட்டத்தைத்தான் வள்ளுவர் இரண்டாம் அடியில் வைத்தார். பின்னர் 1994-இல் வந்த நில உரிமை மீட்புச் சட்டம், பறிபோனதைத் திருப்பித் தரவோ ஈடு செய்யவோ வழி வகுத்தது. செப்பனிடுதல் என்பதற்கு இந்த நாட்டில் எடுத்துக்காட்டு வேண்டுமானால் அதையே சொல்லலாம். சாலையைச் செப்பனிடுவதைப் போல அதுவும் மெதுவாகத்தான் நடக்கிறது.

மற்ற மொழிகளைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன், ஏனெனில் ஆங்கிலம் தவிர அவை உங்கள் பலகையில் இல்லை. ஆங்கிலத்தின் "ஜஸ்டிஸ்" பிரெஞ்சு வழியாக இலத்தீன் "இயுஸ்" என்பதிலிருந்து வந்தது. நீதிபதிக்கு இலத்தீனில் "இயுடெக்ஸ்", சட்டத்தைச் சொல்பவர். நம்முடைய அறங்கூறவையமும் கூறுவதைத்தான் பெயரில் வைத்திருக்கிறது. இந்த நாட்டின் இன்னொரு மொழியான கோசாவில் "தேத்தா" என்றால் பேசு. சட்டத்துக்கு "உம்தேத்தோ" என்று பெயர். கிரேக்கத்தின் "டிக்கே" சுட்டிக்காட்டுதல் என்ற பொருளுள்ள வேரில் பிறந்தது. அந்த வேரின் வடமொழிக் கிளையில் வந்தவைதான் நாம் அன்றாடம் சொல்லும் திசை, தேசம், உபதேசம். அரபியின் "அத்ல்" என்ற சொல்லின் வேர் சமன் செய்வது. ஒட்டகத்தின் இரு பக்கமும் எடை ஒத்துத் தொங்கும் பொதிகளில் ஒன்றுக்கு அதே வேரில் "இத்ல்" என்று பெயர். உருது பேசும் உங்கள் அண்டை வீட்டார் சொல்லும் "இன்சாஃப்" பாதி என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடு என்பதே அங்கே நீதி. ஆக, எல்லா மொழியிலும் ஒரே பொருள்தானா என்ற உங்கள் கேள்விக்கு, சென்று சேரும் இடம் ஏறக்குறைய ஒன்று, புறப்பட்ட இடம் வேறு வேறு என்பதுதான் என் பதில். ஒருவர் வழிநடத்தினார், ஒருவர் நிமிர்த்தினார், ஒருவர் சுட்டினார், ஒருவர் எடை பார்த்தார்.

படம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு ஏந்திய பெண்ணின் படத்தைத்தான் யாரேனும் இணையத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். அது உரோமானியத் தேவதை. கண்கட்டு மிகப் பிந்தி, ஐரோப்பாவில் 1500-ஐ ஒட்டிச் சேர்ந்தது. இந்திய உச்ச நீதிமன்றத்தில் 2024-இல் வைக்கப்பட்ட புதிய சிலையில் கண்கட்டு இல்லை. வள்ளுவரோ துணி எதுவும் கட்டாமல் "ஓர்ந்துகண் ணோடாது" என்று ஒரே தொடரில் முடித்துவிட்டார். ஆராய்ந்து பார், ஆனால் வேண்டியவர் பக்கம் கண்ணை ஓடவிடாதே என்கிறார்.

எனக்குக் கேட்டால் ஒரு மரத்தை வரையச் சொல்வேன். ஜோகன்னஸ்பர்க்கில் நம் அரசியல் சாசன நீதிமன்றத்தின் சின்னம், ஒரு மரமும் அதன் நிழலில் கூடியிருக்கும் மக்களும். 1908-இல் காந்தியை அடைத்து வைத்திருந்த பழைய கோட்டைச் சிறை வளாகத்தில், இடித்த சிறைச்சுவரின் செங்கல்லையும் பயன்படுத்திக் கட்டி, 2004-இல் திறந்தார்கள். சூலு ஊர்களில் வீடுகளுக்கு நடுவே உள்ள முற்றத்துக்கு "இன்குண்ட்லா" என்று பெயர். வழக்குப் பேசிய இடம் அதுவே. தமிழில் "மன்றம்" என்பது ஊர் நடுவே மரத்தடியில் இருந்த பொதுவிடம். அங்கே எழுந்து நின்று தன் வழக்கைப் பேசுவதற்குத்தான் மன்றாடுதல் என்று பெயர் இருந்தது. இன்று அந்தச் சொல் கெஞ்சுதல் என்று ஆகிவிட்டது. பேச வந்தவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதை அந்த மாற்றமே சொல்கிறது. 1894-இல் டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்கு, முன்பற்கள் இரண்டு உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்ற பாலசுந்தரம் என்ற ஒப்பந்தத் தொழிலாளி செய்ததும் மன்றாட்டுதான். அவர் பேசிய தமிழைக் காந்திக்கு எடுத்துச் சொன்னவர் அங்கே வேலை செய்த ஒரு தமிழ் எழுத்தர். அவரை என் தொழிலின் மூதாதை என்றே நான் நினைத்துக்கொள்வது வழக்கம். பாலசுந்தரத்தை அடித்த எசமானுக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் மட்டும் வேறொருவருக்கு மாற்றப்பட்டது. அதை நீதி என்பதா, நியாயம் என்பதா, அரைகுறைச் செப்பம் என்பதா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 12 வயதுப் பிள்ளைகள் நன்றாகவே வாதாடுவார்கள்.

தமிழுக்கு இந்த நாட்டுப் பலகையில் என்ன இடம் என்று எவரேனும் கேட்டால், 1996 அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவைக் காட்டுங்கள். மதித்து வளர்க்க வேண்டிய சமூக மொழிகளின் பட்டியலில் தமிழின் பெயர் எழுத்திலேயே இருக்கிறது. 35-ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் விசாரணையையோ, அது இயலாவிட்டால் மொழிபெயர்ப்பையோ உரிமையாகத் தருகிறது. என் சம்பளம் வந்தது அந்த வரியிலிருந்துதான்.

பலகை வாசகத்தை இப்படி அமைக்கலாம். தமிழ்க் கட்டத்தில் பெரிதாக "நீதி". அதன் கீழே, "பழந்தமிழில் செப்பம்: வளைந்ததை நேராக்குதல், பழுதைச் சரிசெய்தல்". சூலுக் கட்டத்தில் "உபுலுங்கிஸ்வா" என்பதை அவர்களுடைய எழுத்திலேயே எழுதி, கீழே "திருத்தப்பட்ட தன்மை" என்று தமிழில் பொருள் தாருங்கள். இரண்டு கட்டங்களும் அடுத்தடுத்து இருந்தால் பார்ப்பவர்களுக்கு ஒப்புமை தானே தெரியும். சூலு எழுத்துக்கூட்டலை அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஆசிரியர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். நான் கற்றுக்கொண்டவன், பிறந்து பேசியவன் அல்லன்.

கடைசியாக ஒன்று. இங்குள்ள அச்சகங்கள் பலவற்றின் கணினியில் தமிழ் எழுத்துரு கிடையாது. உங்கள் கோப்பைத் திறந்ததும் "நீதி" என்பது உடைந்து, "ந" என்ற எழுத்து ஓரிடத்திலும் அதன் ஈகாரக் குறி வேறிடத்திலும் போய் நிற்கும். படிக்கத் தெரியாத அச்சகத்தார் அப்படியே ஒட்டுப்படத்தில் வெட்டிவிடுவார்கள். ஆகவே சொல்லைப் படமாக மாற்றியோ, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாகவோ கொடுங்கள். வெட்டுவதற்கு முன் அவர்கள் காட்டும் மாதிரியை எனக்கு அனுப்பினால் அன்றைக்கே பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உறுதிமொழி ஏற்ற மொழிபெயர்ப்பாளர், டர்பன்